நெய்யாறும் இடதுகரை சானலும்

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் காரியதரிசி என்னை அழைத்து, "மாமா, நீங்கள் பூகோள வாத்தியாராக இருந்தவர், ஏதாவது ஒரு நதியைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார். காவேரியைப் பற்றியும் தாமிரபரணியைப் பற்றியும் பேச இந்தச் சபையிலேயே என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் யாரும் போட்டிக்கு வரமுடியாத ஒரு சிறு நதியை எடுத்துக்கொண்டேன். அதுதான் நெய்யாறு. நாற்பத்து நான்கு ஆறுகள் உள்ள கேரளத்தில் தென்கோடியில் இருப்பது இதுவே. மொத்த நீளம் 56 கி.மீ. இதற்கு நீர் தரும் பரப்பு 497 சதுர கி.மீ. பெரியாறு 244 கி.மீ. ஓடுகிறது என்பதை நினைத்தால் இது ஒரு வாய்க்கால் போலத் தோன்றும். ஆனால் இரண்டு மாநிலங்கள் உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் அளவுக்கு இந்தச் சின்ன ஆற்றில் விஷயம் இருக்கிறது.

நம் அங்கத்தினர்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் ரயில் பாதை 1979இல் திறக்கப்பட்டது. அதில் பாலராமபுரம் தாண்டி நெய்யாற்றின்கரை ஸ்டேஷனை விட்டதும் ஒரு பாலம் வரும். சாலை வழியாகப் போனால் அமரவிளையில் ஆற்றைக் கடக்கிறோம். பிறகு உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை. அடுத்தது களியக்காவிளை. அங்கே பலகைகள் தமிழுக்கு மாறிவிடும், பஸ்ஸின் நிறமும் மாறிவிடும். பேச்சு மட்டும் சட்டென்று மாறாது. இந்தப் பக்கத்துத் தமிழில் பாதி மலையாளம், அந்தப் பக்கத்து மலையாளத்தில் பாதி தமிழ்.

முதலில் ஆறு எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர்கூடம். நாம் பொதிகை என்று கொண்டாடும் மலைத்தொகுதியே இது. அதன் கிழக்குச் சரிவில் விழுந்த மழை தாமிரபரணியாகிப் பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி என்று ஓடி மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. மேற்குச் சரிவில் விழுந்தது நெய்யாறாகி அரபிக்கடலுக்குப் போகிறது. தெற்கே கோதையாறு. சற்று வடக்கே செம்முஞ்சி மொட்டையில் கரமனை ஆறு. கரமனை அக்ரஹாரத்தைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு என்பதால் அதைப் பற்றி விஸ்தரிக்கவில்லை. ஒரே மலையின் நான்கு பக்கத்து மழையை நம்மவர்கள் நான்கு ஊர்களில் குடித்து வளர்ந்திருக்கிறோம் என்று சொன்னால் மிகையில்லை.

பெயருக்கு ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. அகஸ்தியர் யாகத்துக்கு வைத்திருந்த நெய்க்குடம் கவிழ்ந்து, அந்த நெய்யே ஆறாகப் பெருகியதாம். பாலாறு இருக்கும் தேசத்தில் நெய்யாறு இருப்பதில் ஆச்சரியம் என்ன? நெய்யாற்றின் கரையில் அமைந்த ஊர் நெய்யாற்றின்கரை. இதைவிடத் தெளிவாக ஓர் ஊருக்குப் பெயர் வைக்க முடியாது.

மலையிலே இது அசல் காட்டாறு. பாறைகளில் மோதி விழும் கொம்பைக்காணி, மீன்முட்டி அருவிகள் அங்கேதான் உள்ளன. முல்லையாறும் கல்லாறும் வந்து கலக்கின்றன. காணிக்காரர்களின் குடியிருப்புகள் இந்தக் காட்டில்தான். 1958இல் இந்தப் பகுதி சரணாலயமாயிற்று. 2016இல் அகஸ்தியமலை முழுவதும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது. இதற்கு மேல் மலையில் நிற்கவில்லை, ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயம் கீழே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. உற்பத்தியாகும் மலை 1,868 மீட்டர். நெய்யாறு அணை நிரம்பி நிற்கும்போது நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 84.75 மீட்டர். அதாவது அணைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே இந்த ஆறு தன் உயரம் ஏறக்குறைய முழுவதையும் செலவழித்துவிடுகிறது. மிச்சமிருக்கும் எண்பத்து நான்கே முக்கால் மீட்டரை வைத்துக்கொண்டு கள்ளிக்காடு, ஒற்றசேகரமங்கலம், அருவிப்புறம், அமரவிளை என்று கடல் வரை சாவகாசமாக நடக்கிறது. மலைநதி என்று சொன்னாலும் அதன் பாதையில் பெரும்பகுதி இடைநாடுதான். சிவந்த செம்புரைக்கல் மேடுகள், அவற்றுக்கு நடுவே சதுப்பான பள்ளங்கள். நம் பாண்டிநாட்டுச் சமவெளி மாதிரி ஒரே பரப்பாக வயல் கிடையாது.

இந்த மேடு பள்ளத்தைப் புரிந்துகொள்ளப் பூகோளப் புத்தகம் வேண்டாம், ஊர்ப் பெயர்களே போதும். அமரவிளை, இஞ்சிவிளை, களியக்காவிளை. விளை என்றால் மேட்டிலுள்ள தோட்ட நிலம். தென்னை, பலா, வாழை, மரச்சீனி, பிற்காலத்தில் ரப்பர் எல்லாம் விளையில் வரும். இரண்டு மேடுகளுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் நெல்வயல் பள்ளத்துக்கு ஏலா என்று பெயர். மேட்டில் வீடு, பள்ளத்தில் ஏலா, ஏலாவின் தலைப்பில் ஒரு குளம். விளைக்கு மழையே போதும். ஏலாவுக்குப் போதாது. இடவப்பாதியில் ஒரு மழை, துலாம் மாதத்தில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் கிடைத்தாலும், கேரளத்தின் வடக்கே கொட்டுவது போல இந்தத் தென்கோடியில் இடவப்பாதி கொட்டுவதில்லை. இடையில் இரண்டு வாரம் வானம் பொய்த்தால் பயிர் வாடிவிடும்.

இப்போது படத்தில் பாறசாலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வடக்கே நெய்யாறு. தெற்கே குழித்துறையில் ஓடுகிற ஆறு. கோதையாறும் பறளியாறும் சேர்ந்தது, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுவது. அதையும் அங்கே தாமிரபரணி என்றுதான் சொல்வார்கள், திருநெல்வேலிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் உள்ள மேட்டு நிலம்தான் பாறசாலையும் களியக்காவிளையும் சுற்றுவட்டாரக் கிராமங்களும். இரண்டு பக்கமும் ஆறு, தங்களுக்கு ஆறு இல்லை. மகாதேவர் கோயில் குளத்திலிருந்து வீட்டுக் கிணறு வரை எல்லாமே மழையையும் ஊற்றையும் நம்பியவை. ஆற்றங்கரைக்காரனுக்கு ஆறு தானாக வந்து நிற்கும். இந்த எல்லைக் கிராமங்களுக்கு யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

கொண்டுவரும் வேலைதான் நெய்யாறு நீர்ப்பாசனத் திட்டம். 1950களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் இருந்த காலத்தில் தொடங்கியது. அப்போது நெய்யாற்றின்கரை தாலுகாவும் விளவங்கோடு தாலுகாவும் ஒரே ராஜ்யத்தில் பக்கத்துப் பக்கத்துத் தாலுகாக்கள். நாஞ்சில் நாட்டுக்கு 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை இருந்தது. விளவங்கோட்டின் மேற்கு ஓரத்துக்கு அந்தத் தண்ணீர் சுலபத்தில் ஏறாது. நெய்யாற்றில் ஓர் அணை கட்டி, வலதுகரையில் ஒரு சானல், இடதுகரையில் ஒரு சானல் வெட்டினால், இடதுகரை சானல் மேட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டே தெற்கே வந்து பாறசாலைப் பக்கத்து ஏலாக்களை நனைத்து, அப்படியே விளவங்கோட்டுக்குள்ளும் போய்விடும் என்று பொறியாளர்கள் போட்ட கணக்கு நல்ல கணக்குதான். தண்ணீர் தாழ்வை நோக்கிப் போகும், தாலுகாவைப் பார்த்துப் போகாது. சானல் என்கிற வார்த்தையே அங்கே தமிழாகிவிட்டது. கால்வாய் என்று சொன்னால் "ஏது, புஸ்தகம் படிச்சவரோ" என்று பார்ப்பார்கள்.

அணை வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தேசப்படம் மாறியது. தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி அவர்களின் தலைமையில் நடந்த போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூடும், மாநிலச் சீரமைப்புக் குழுவின் சிபாரிசும் நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அணை திறக்கப்பட்டது 1958இல். ஒரே ராஜ்யத்துக்காக வரைந்த திட்டம், முடியும்போது இரண்டு ராஜ்யத்துக்கு நடுவே நின்றது. அணை ஒரு பக்கம், சானலின் வால் மறுபக்கம்.

பாஷையை வைத்துக் கோடு போட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது ஜனங்கள் கேட்டுப் பெற்றது. ஆனால் கோடு போட்ட அன்றே தண்ணீருக்கும் ஒரு காகிதம் எழுதியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெரியாற்றுக்கு 1886லேயே 999 வருஷக் குத்தகைப் பத்திரம் இருக்கிறது. அதில் ஆயிரம் சண்டை வந்தாலும், எதைப் பற்றிச் சண்டை என்பதாவது எழுத்தில் இருக்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறுக்கு 1970இல் கையெழுத்தாகி 1958 முதல் அமலுக்கு வந்ததாக வைத்துக்கொண்ட ஒப்பந்தம் இருக்கிறது. நெய்யாற்றுக்கு அந்த மாதிரி ஒன்று அமையவில்லை. பழைய பழக்கத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, வரும் வரையில் யாரும் கவலைப்படவில்லை. நம் குடும்பங்களில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது கிணறு யாருக்கு என்று எழுதாமல் விட்டுவிட்டு, பேரன்கள் காலத்தில் கோர்ட்டுக்குப் போவதில்லையா? அதே கதைதான்.

விளவங்கோடு தாலுகாவில் இந்தச் சானலை நம்பிய நிலம் சுமார் 9,200 ஏக்கர். 2004ஆம் வருஷம் பிப்ரவரி வரை தண்ணீர் வந்தது. பிறகு நின்றுவிட்டது. கேரளத்தின் வாதம் என்னவென்றால், நெய்யாறு தங்கள் மாநிலத்திலேயே பிறந்து தங்கள் மாநிலத்திலேயே கடலில் விழுகிறது, ஆகவே இது மாநிலங்களுக்கு இடையிலான நதி அல்ல என்பது. 2003இல் கேரளம் இயற்றிய நீர்ப்பாசனச் சட்டத்தைத் தொடர்ந்து தண்ணீருக்கு விலை என்கிற பேச்சும் எழுந்தது. தமிழ்நாட்டின் வாதம், நீர்ப்பிடிப்பில் ஒரு பகுதி எங்கள் எல்லைக்குள் இருக்கிறது, திட்டமே இரண்டு தாலுகாவுக்கும் சேர்த்துப் போட்டது, பல வருஷம் அனுபவித்த பாத்தியதை இருக்கிறது என்பது. பேச்சுவார்த்தைகளில் முடியாமல் 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பூகோள வாத்தியார் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்லலாம். இருவரும் இரண்டு வேறு படங்களைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஆற்றின் படத்தை எடுத்து வைத்தால், அகஸ்தியர்கூடத்திலிருந்து பூவாறு வரை அது கேரளத்து ஆறுதான். சானலின் படத்தை எடுத்து வைத்தால், அது இரண்டு மாநிலத்து ஆறு. ஆனால் களியக்காவிளைக்குக் கிழக்கிலோ மேற்கிலோ ஒரு ஏலாவில் நிற்கிறவனுக்கு ஆற்றின் படம் தெரியாது. அவனுக்கு நெய்யாறு என்றால் சானல்தான். அவன் அப்பா அதில் மடை திறந்து பார்த்தவன்.

தண்ணீர் வராத சானலுக்கு என்ன ஆகும் என்று சபையிலுள்ள விவசாயக் குடும்பத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருஷம் காய்ந்தால் புல். நாலு வருஷம் காய்ந்தால் புதர். அதற்குள் கீழே ஏலாவில் நெல் போய் வாழை வந்துவிடும், வாழைக்குப் பிறகு ரப்பர் வரும், சில இடங்களில் மண்ணடித்து வீடு வந்துவிடும். வீடு கட்டிய பள்ளத்தில் பிறகு தண்ணீர் விட்டால் யாருக்கு லாபம்? அதனால்தான் சொல்கிறேன், வழக்கு எவ்வளவு காலம் நடக்கிறதோ அவ்வளவுக்கு ஏக்கர் குறையும். ஜெயித்தவனுக்குத் தண்ணீர் கிடைக்கும்போது பாய்ச்ச வயல் மிச்சமிருக்க வேண்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கம், அதாவது பாறசாலைக் கிராமங்கள், சௌக்கியமாக இருக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் ஏலாக்கள் சுருங்கிவிட்டன. நெய்யாற்றுத் தண்ணீருக்குப் பாசனம் மட்டுமல்ல, குடிநீர்த் தேவையும் இருக்கிறது. 2017 கோடையில் திருவனந்தபுரம் நகரத்துக்குத் தண்ணீர் தரும் கரமனை ஆற்றின் அணைகள் வற்றியபோது, நெய்யாறு நீர்த்தேக்கத்தின் காப்புக்காட்டிலிருந்து பம்பு வைத்து அருவிக்கரைப் பக்கமாகத் தண்ணீரைத் திருப்பி அனுப்பினார்கள். தலைநகரம் தாகத்தில் தவிக்கும்போது அதைத் தப்பு என்று சொல்ல முடியுமா? ஆனால் கவனியுங்கள், வடக்கே இன்னொரு ஆற்றுப் படுகைக்குத் தண்ணீர் ஏற வேண்டியிருந்தது, அதற்கு மின்சாரம் செலவாயிற்று. தெற்கே போகும் சானலுக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

ஆற்றின் படுகைக்கும் சோதனை வந்தது. வீடு கட்டும் மோகத்தில் மணலை அள்ளி அள்ளி, ஆறு தன் கரையைவிட வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது. கரை இடிந்தது, பக்கத்துக் கிணறுகளின் மட்டம் இறங்கியது. கேரளத்தில் 2001லேயே ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் வாரும் கட்டுப்பாட்டுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் லாரிகள் ராத்திரியில் ஓடின என்பது அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழைக்காலத்தில் இதே ஆறு வேறு முகம் காட்டும். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. வருஷத்தில் இரண்டு வாரம் தண்ணீர் அதிகம் என்றும், மிச்ச நாளெல்லாம் போதவில்லை என்றும் புலம்புவது நமக்குப் பழகிவிட்டது.

கரையில் உள்ள இரண்டு இடங்களைச் சொல்லாமல் விட்டால் என் உரை பூர்த்தியாகாது. ஒன்று நெய்யாற்றின்கரை கிருஷ்ணஸ்வாமி கோயில். மார்த்தாண்டவர்மா மகாராஜா 1750களில் எழுப்பியது. பட்டத்துக்கு வருமுன் எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது அவர் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். அந்த அம்மச்சிப் பிலாவின் அடிமரத்தைக் கோயில் வளாகத்தில் இன்றும் காட்டுகிறார்கள். இங்கே கண்ணனுக்கு வெண்ணெய் நிவேதனம் விசேஷம். நெய்யாற்றின் கரையில் வேறென்ன நிவேதனம் செய்வார்கள்!

மற்றொன்று அருவிப்புறம். 1888ஆம் வருஷம் சிவராத்திரி அன்று ஸ்ரீ நாராயண குரு இந்த ஆற்றின் சங்கரன் குழி என்ற கயத்தில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிரதிஷ்டை செய்யும் அதிகாரம் பிராமணருக்கு மட்டுமே என்றிருந்த காலம். அது நம்மவர்களில் சிலருக்கு அன்று கசந்திருக்கலாம். கேரளத்தின் சமூக சரித்திரமே அந்த ஆற்றங்கரையில் திரும்பியது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அங்கே போய்ப் பார்த்தால் தெரியும், ஆறு பாறைகளுக்கு நடுவே ஓசையோடு போகிறது. பெயர் சும்மா வரவில்லை.

கடைசியில் பூவாறு. ஆறு கடலில் நேராக விழுவதில்லை. நடுவே மணல்திட்டு. மழைக்காலத்தில் பொழிமுகம் திறக்கும், கோடையில் அலை மணலைக் குவித்து மூடிவிடும். மூடினால் தண்ணீர் பின்வாங்கிக் காயலாக நிற்கும். இங்கிருந்துதான் 1860இல் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகிலேயே போகலாம் என்பது திட்டம். கொல்லங்கோடு, குளச்சல் பக்கம் வரை வந்து நின்றுவிட்டது. கன்னியாகுமரி வரை போகவில்லை. ஆக, நெய்யாற்றிலிருந்து தெற்கே தண்ணீரைக் கொண்டுபோகும் முயற்சி பாதியில் நின்றது இதுதான் முதல் தடவை என்றும் சொல்ல முடியாது.

உரை முடிந்த பிறகு சிலர் கேட்ட கேள்விகளுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். அணையைப் பார்க்கப் போகலாமா என்று ஒரு மாமி கேட்டார். தாராளமாகப் போகலாம். திருவனந்தபுரத்திலிருந்து முப்பது கி.மீ. அளவுதான், பஸ் வசதி உண்டு. சிவானந்த ஆசிரமமும் அங்கேயே இருக்கிறது. தீர்த்தமாடலாமா என்று இன்னொருவர் கேட்டார். நீர்த்தேக்கத்தில் வேண்டவே வேண்டாம், அதில் முதலைகள் இருக்கின்றன. கோயிலுக்குப் போகிறவர்கள் நெய்யாற்றின்கரையில் இறங்கினால் போதும். சானலைப் பார்க்க விரும்புகிறவர்கள் பாறசாலையில் இறங்கி, இடதுகரை சானல் எங்கே என்று வயதான விவசாயி யாரையாவது கேளுங்கள். இளைஞர்களைக் கேட்டால், "எந்தச் சானல்?" என்பார்கள்.